ஐந்தாவது ராக்கர்

துபாயிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும், உத்தமபாளையத்தில் பாதித் தெரு அந்த வீட்டு வாசலுக்கு வந்துவிடும். எழுபத்தொன்பதாம் வருஷம் பிப்ரவரியில், விடுமுறையில் வந்த கம்பத்துக்காரர் ஒருவர் அப்துல் ஜலீல் கொடுத்தனுப்பிய தகரப் பெட்டியை ஷேக் மைதீன் ராவுத்தர் வீட்டுக் கூடத்தில் இறக்கி வைத்தபோதும் சுற்றி இருபது பேர் நின்றார்கள். உள்ளே இருப்பது சேலையா, சென்டா, டார்ச் லைட்டா என்று ஆளுக்கொரு யூகம். ராவுத்தர் பிஸ்மி சொல்லி மூடியைத் திறந்தார். பூத்துண்டில் சுற்றி, எண்ணெய் மினுமினுக்க, விரல் நீளத்தில் எட்டு இரும்புத் துண்டுகள். அடியில் எட்டு ஸ்பிரிங். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டியும் வேறொன்றும் விழவில்லை.

"இதுக்கா எம்மகன் கடல் தாண்டிப் போயிருக்கான்?" என்றாள் ஆசியா, ராவுத்தரின் மனைவி. "ஒரு சோப்புக் கட்டி வைக்கக்கூடவா எடம் இல்ல?"

கூட்டம் சப்பென்று கலைந்தது. அந்த இரும்பு என்னவென்று அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஜலீலின் மனைவி சுபைதா.

அவை ராக்கர்கள். ஜலீலிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் இருந்தது. லோயர் கேம்பிலிருந்து குமுளி செக்போஸ்ட் வரை மலை ரோட்டில் யார் முதலில் ஏறுவது என்று கார்ப் பைத்தியம் பிடித்த ஏழெட்டுப் பேருக்குள் ஒரு போட்டி அந்தக் காலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருமுறை போடிக்காரர் ஒருவரின் ஃபியட் இரண்டே வளைவு வித்தியாசத்தில் ஹெரால்டை முந்திவிட்டது. அன்றைக்குப் பிடித்தது ஜலீலுக்குப் பித்து. வண்டிக்கு மூச்சுப் போதவில்லை என்பது அவன் முடிவு. எஞ்சினின் மேல்தலையில் எட்டு ராக்கர்கள் வரிசையாக இருக்கும். கிணற்று ஏற்றம் மாதிரி ஒரு முனை மேலே போனால் மறுமுனை இறங்கி வால்வைத் திறக்கும். ஏற்றத்தின் கால் எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்து மறுமுனை அதிகமாகவோ குறைவாகவோ இறங்கும். கால் கொஞ்சம் தள்ளி நிற்கிற ராக்கர் கிடைத்தால் வால்வு கூடுதலாகத் திறக்கும், எஞ்சின் நிறைய மூச்சு வாங்கும், மலை தானாகக் கீழே இறங்கி வரும். அந்த ராக்கர் இந்தப் பக்கம் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் அவன்தான் அவளுக்குச் சொன்னான். நாலு வருஷத்துக்கு முன் துபாய் கராஜில் வேலைக்குப் போனவன் நடுவில் ஒரே ஒரு தடவை நாற்பது நாள் வந்திருந்தான். அந்த நாற்பது நாளில் பாதியைக் கார் கொட்டகையில் கழித்தான். அவளும் தேத்தண்ணி கொண்டுபோகிற சாக்கில் அங்கேயே நின்றாள். ஒரு கையை இன்னொரு கைமேல் வைத்து ராக்கர் எப்படி ஆடும் என்று அவன் காட்டியதை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். எஞ்சினைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று அவளுக்கு எந்த ஆசையும் கிடையாது. அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். பார்த்த பாவத்துக்கு எஞ்சினும் மண்டையில் ஏறிவிட்டது.

ராவுத்தர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை உரக்கப் படித்தார். துபாய்க் கடிதம் என்பது அந்தத் தெருவில் பொதுச் சொத்து. யாருக்கு எழுதியிருந்தாலும் கூடத்தில்தான் படிக்கப்படும்.

"அன்புள்ள அத்தாவுக்கு சலாம். நான் நலம். இத்துடன் ராக்கர் எட்டும் ஸ்பிரிங் எட்டும் அனுப்பியுள்ளேன். தேனி ஜெபமணி அண்ணன் கையால் மட்டுமே மாட்டவேண்டும். மாட்டியபின் எஞ்சின் சத்தத்தைக் கேசட்டில் பிடித்து இவரிடமே கொடுத்தனுப்பவும். கேட்க ஆசையாக இருக்கிறது. மே மாதத்தோடு இங்கு என் கெடு முடிகிறது. மறுபடி மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாம் என்றிருக்கிறேன். வீட்டில் உள்ளவர்களுக்கு சலாம்."

"போடட்டும், போடட்டும்" என்றார் ராவுத்தர். மகன் துபாயில் இருப்பது அவருக்குப் பள்ளிவாசலில் முன்வரிசையில் இடம் கிடைத்த மாதிரி. அதை யார் விடுவார்கள்?

சுபைதா கதவைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வருஷம். இப்போது அவளுக்கு இருபத்துநாலு. வீட்டில் உள்ளவர்களுக்கு சலாம் என்பதில் அவளும் உண்டு, மாமியும் உண்டு, பின்கட்டில் கட்டியிருக்கிற ஆடும் உண்டு. அவள் பதில் எழுதுவதும் அந்த லட்சணம்தான். மடித்து ஒட்டும் நீலநிற ஏரோகிராம் தாளில் மாமா எழுதி, மாமி சொல்லச் சொல்ல எழுதி, கடைசி மடிப்பில் இரண்டு விரல் அகலத்துக்கு இடம் இவளுக்கு வரும். 'நான் நலம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.' ஒட்டுவதற்கு முன் மாமா அதையும் படித்துப் பார்ப்பார். போட வேண்டாம், வந்துவிடுங்கள் என்று அந்த இரண்டு விரல் இடத்தில் எப்படி எழுதுவது?

அடுத்த சனிக்கிழமை ஜெபமணி தேனியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். ஐம்பது வயது, ஒடிசலான உடம்பு, கையில் தகரப் பெட்டி. தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் கார் வைத்திருந்தவர்கள் அவரை மெக்கானிக் என்று சொல்லமாட்டார்கள், டாக்டர் என்பார்கள். அவரும் அதை மறுத்ததில்லை. ஹெரால்டின் முன்பக்கம் மொத்தமும் ஒரே துண்டாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். டயர்மேல் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அவர் உட்கார்ந்தார். மாமி கொட்டகை வாசலில் ஸ்டூல் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தாள். சாமான்களை எடுத்துக்கொடுக்க சுபைதா நின்றாள்.

பழைய ராக்கரைக் கழற்றி, ஸ்பிரிங்கை மாற்றி, புதிய எட்டையும் தண்டில் கோத்தார். பிறகு எஞ்சினைக் கையாலேயே மெதுவாகச் சுற்றினார். வால்வு முன்னைவிட ஆழமாக இறங்குவதால் கீழேயிருந்து வரும் பிஸ்டனில் முட்டிவிடக் கூடாது. முட்டவில்லை. கடைசியில் ஒவ்வொரு ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே தாள் கனத்துக்கு இடைவெளி வைக்கவேண்டும். டேப்பெட் வைப்பது என்பார்கள், அதுதான் வேலையின் உயிர். மெல்லிய எஃகுத் தகடான கேஜை எடுத்தார்.

"முதல் வால்வு முழுசா அமுங்கி நிக்குது. இப்ப எதப் பார்க்கணும்னா..." என்று தனக்குள் முனகினார்.

"எட்டாவது" என்றாள் சுபைதா. "ரெண்டு அமுங்குனா ஏழு. மூணுன்னா ஆறு. கூட்டுனா ஒம்பது வரணும்."

ஜெபமணி நிமிர்ந்து பார்த்தார். "யாரு தங்கச்சி சொல்லிக் குடுத்தது?"

"அவுகதான் சொன்னாக" என்றவளுக்கு முகம் சிவந்துவிட்டது. மாமி ஸ்டூலில் கனைத்தாள்.

மூடியைப் பூட்டி, சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது. "ஸ்தோத்திரம்" என்றார் ஜெபமணி. பழைய ஹெரால்ட் அல்ல அது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. மாமி இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாள். ஜலீல் வந்தபோது கொண்டுவந்த துபாய் டேப் ரெக்கார்டரில் கிரீஸ் படக்கூடாது என்பதால் அதைப் பிடிக்கும் வேலை சுபைதாவுக்கு வந்தது. இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கி, இடது கையால் எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்தாள். வலது கையை எஞ்சினின் பக்கத் தகட்டு விளிம்பில் ஊன்றிக்கொண்டாள். ஜெபமணி மறுபக்கம் குனிந்து ஆக்ஸிலேட்டர் கம்பியை இழுத்து இழுத்து விட்டார்.

அப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இத்தனை வருஷத்தில், தான் பேசினால் யார் காதிலும் விழாத ஒரு இடத்தில் இப்போதுதான் நிற்கிறாள். முன்கூட்டி எதுவும் யோசித்திருக்கவில்லை. வாய் தானாக டேப் ரெக்கார்டர் அருகே போனது.

"வந்துருங்க மச்சான்" என்றாள். எஞ்சின் உறுமியது. "கையெழுத்துப் போடாதீக. எனக்கு ஒண்ணும் வேணாம். வந்துருங்க." உடம்பெல்லாம் நடுங்கியது, எஞ்சினாலா அழுகையாலா என்று தெரியவில்லை. கேசட் தீர்ந்து பொத்தான் டக்கென்று எகிறும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சாயந்திரம் ராவுத்தர் அந்தக் கேசட்டைக் கூடத்தில் போடச் சொன்னபோது அவளுக்கு உயிரே இல்லை. மகனுக்குப் போகிறதை வீட்டுப் பெரியவர் கேட்காமல் அனுப்புவதா? உறுமல் கிளம்பியது. தெருவில் நாய் குரைத்தது. ராவுத்தர் அரை நிமிஷம் தலையை ஆட்டி ரசிப்பதுபோல் இருந்தார்.

"அமத்துங்க, காது போச்சு" என்று கத்தினாள் ஆசியா. அமர்த்தினார்கள். சுபைதா அடுப்படிக்குள் போய்ச் சுவரில் சாய்ந்து அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள்.

கம்பத்துக்காரர் கேசட்டோடு போனார். பிறகு காத்திருப்பு. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கையில் இருக்கிற வேலை அப்படியே நிற்கும். கேட்டிருப்பாரா? கேட்டிருந்தால் கடிதத்தில் என்ன எழுதுவார்? ஏதாவது எழுதி, அதை மாமா உரக்கப் படித்துவிட்டால்? எழுதாமல் விட்டால் அதைவிட மோசம். இரண்டுக்கும் பயந்து, இரண்டுக்கும் ஏங்கி, மனுஷி பாதியாகிப் போனாள்.

ஏப்ரல் நடுவில் கடிதம் வந்தது. ராவுத்தர் படித்தார்.

"கேசட் கிடைத்தது. எஞ்சின் நன்றாக மூச்சு விடுகிறது. ஆனால் உள்ளே ஒரு டிக் டிக் சத்தம். ஐந்தாவது ராக்கர் என்று நினைக்கிறேன். விட்டு விட்டு வருகிறது, கொஞ்சம் நிற்கிறது, மறுபடி வருகிறது. இருபது தடவை போட்டுக் கேட்டுவிட்டேன். இது என்னவென்று தெரியாமல் எனக்கு வேலை ஓடவில்லை, சோறு இறங்கவில்லை, கையெழுத்துப் போடவும் மனசு வரவில்லை. ஜெபமணி அண்ணனைப் பார்க்கச் சொல்லி உடனே எழுதவும். வீட்டில் உள்ளவர்களுக்கு சலாம்."

இருபது தடவை. இருபது தடவை கேட்டவனுக்கு ராக்கர் சத்தம் கேட்டிருக்கிறது, பொண்டாட்டி குரல் கேட்கவில்லை. சுபைதாவுக்கு வந்த கோபத்தில் அந்த எட்டையும் பிடுங்கிப் பெரியாற்றில் வீசியிருப்பாள். ஸ்பேனர் ஜெபமணியிடம் அல்லவா இருக்கிறது.

ஜெபமணி மறுநாளே வந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. மூடியைத் திறந்து எட்டுக்கும் கேஜ் வைத்துப் பார்த்தார். மயிரிழை பிசகவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, நீளத் திருப்புளியின் நுனியை மூடிமேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். சுத்தம்.

"நீங்களே கேளுங்க தங்கச்சி" என்று திருப்புளியை நீட்டினார். "ஒரு சத்தம் இருந்தா நான் இந்தத் தொழிலையே விட்டுர்றேன்."

சுபைதா பக்கத் தகட்டில் வலது கையை ஊன்றிக் குனிந்தாள். அவர் திரும்பியவர் அப்படியே நின்றார். டிக் டிக். டிக். டிக் டிக் டிக்.

"கைய எடுங்க" என்றார். எடுத்தாள். சத்தம் நின்றது. "வைங்க." வைத்தாள். டிக் டிக். எஞ்சின் அதிர்வில் அவளுடைய கண்ணாடி வளையல்கள் இரும்பு விளிம்பில் ஆடிக்கொண்டிருந்தன. அன்றைக்கு அவள் நடுங்கி நடுங்கி நின்றதில் அது தாறுமாறாக வந்திருக்கிறது. ஜெபமணி எஞ்சினை அமர்த்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாசலில் ஸ்டூலில் மாமிக்குத் தூக்கம் சொக்கியிருந்தது.

"இன்னைக்கே எழுதிப் போடுறேன். சத்தமும் இல்ல, மண்ணும் இல்ல, நிம்மதியா இருங்கன்னு" என்றார் ஜெபமணி.

"எழுதாதீக அண்ணே" என்றாள் சுபைதா. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நிம்மதியாயிட்டா கையெழுத்துப் போட்டுருவாக. இன்னும் மூணு வருசம். அந்தச் சத்தம்தான் இப்ப அவுகளப் பிடிச்சு நிறுத்திருக்கு. பழுது இருக்கு, என்னால முடியலன்னு எழுதுங்க. உங்க கால்ல விழுகுறேன்."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கழிவுத் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "இருபத்தாறு வருசமா டேப்பெட் வைக்கிறேன் தங்கச்சி. அது எனக்கு வரலைன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? ராவுத்தர் தெருவெல்லாம் படிச்சுக் காட்டுவாரு. மத்தியானத்துக்குள்ள தேனிக்குத் தெரிஞ்சுரும். அத விடுங்க, பொய் எழுதிட்டு ஞாயித்துக்கிழமை எந்த மூஞ்சியோட கோயில்ல போய் உக்கார்றது?"

அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

ஜெபமணி மறுபடி டயர்மேல் உட்கார்ந்தார். "ஒண்ணு மட்டும் புரியல" என்றார். "ராக்கர் சத்தம்னா எஞ்சின் வேகத்துக்குத் தாளம் தப்பாம வரும். விட்டு விட்டு வராது. இது நேத்து ஸ்பேனர் பிடிச்சவனுக்கே தெரியும். கராஜில இருக்க ஜலீலுக்குத் தெரியாமலா போச்சு?" அவரே தலையை ஆட்டிக்கொண்டு பெட்டியிலிருந்து பேனாவை எடுத்தார்.

அவர் எழுதியது நாலே வரி. 'நீங்கள் சொன்ன சத்தத்தை நானும் என் காதால் கேட்டேன். கேஜ் வைத்துப் பார்த்துவிட்டேன். இதை நிறுத்த என்னால் ஆகாது. நீங்கள் நேரில் வந்தால்தான் நிற்கும்.' எழுதி முடித்து இரண்டு தடவை படித்துப் பார்த்தார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அவர் சொன்னபடியே நடந்தது. ராவுத்தர் கூடத்தில் படித்தார், கடைவீதியிலும் சொன்னார். டாக்டருக்குக் கை தளர்ந்துவிட்டது என்று பஸ்ஸுக்கு முன்னால் செய்தி தேனிக்குப் போய்ச் சேர்ந்தது. வருஷக்கணக்காக அவரிடமே வந்துகொண்டிருந்த எஸ்டேட் ஜீப் ஒன்று போடியில் வேறு ஷெட்டுக்குப் போயிற்று. ஜெபமணி யாரிடமும் வாய் திறக்கவில்லை. சுபைதா தொழுகைப் பாயில் தன் புருஷனுக்குக் கேட்ட துஆவில் பாதியை அவருக்குக் கேட்டாள்.

மே மாதம் பத்தாம் தேதி தந்தி வந்தது. 'எஞ்சினைத் திறக்க வேண்டாம். வருகிறேன்.'

வீடே கொண்டாடியது. ராவுத்தருக்கும் வருத்தம் இல்லை. பொண்டாட்டி முகம் பார்க்க ஓடிவந்தான் என்றால் தெரு சிரிக்கும். வண்டிக்காக வந்தான் என்றால் ஆம்பிளை லட்சணம். சுபைதா தந்தியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். வா வா என்று நெஞ்சு வெடிக்கக் கூப்பிட்டதற்கு வராதவர், இல்லாத ஒரு பழுதுக்கு ஓடி வருகிறார். சந்தோஷப்படுவதா, ஓரமாகப் போய் அழுவதா? இரண்டையும் செய்தாள். ராவில் மட்டும் ஜெபமணி கேட்டது திரும்பத் திரும்ப வந்தது. தெரியாமலா போச்சு? அதை அவள் நம்பப் பயந்தாள். நம்பிவிட்டு, வந்தவர் நேராகக் கொட்டகைக்குப் போனால் அப்புறம் தாங்க முடியாது.

மதுரையிலிருந்து டாக்ஸி வந்து நின்றபோது வாசலில் நாற்பது பேர் இருந்தார்கள். ஜலீல் இறங்கினான். இளைத்திருந்தான். ராவுத்தர் கட்டிப் பிடித்து முத்தமிட்டு, கையைப் பிடித்துக் கொட்டகைப் பக்கம் இழுத்தார். அங்கே பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு ஜெபமணி தலை குனிந்து நின்றிருந்தார். சுபைதா உள்ளே சன்னல் கம்பியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல வண்டியப் பாரு" என்றார் ராவுத்தர். "இவரு என்னத்தயோ பண்ணி வச்சிருக்காரு."

ஜலீல் கொட்டகை வாசல்வரை போனான். உள்ளே போகவில்லை. "அண்ணன் வேலையில ஒரு பழுதும் இல்ல அத்தா" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. "எனக்கு அது அங்கனயே தெரியும்." ஜெபமணி நிமிர்ந்தார்.

"அப்ப எதுக்குடா வந்த?"

ஜலீல் வீட்டைத் திரும்பிப் பார்த்தான். பெரியவர்கள் நிற்கிற இடத்தில் கட்டினவள் பெயரைச் சொல்கிற ஆம்பிளை அந்தத் தெருவில் அதுவரை யாரும் இல்லை. கூப்பிடுவது இந்தா, ஏபுள்ள, அவ்வளவுதான்.

"சுபைதா எங்க?" என்றான்.

நாற்பது தலைகளும் சன்னல் பக்கம் திரும்பின. ராவுத்தர் தொப்பியைச் சரி செய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார். சுபைதா சன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பின்னாலிருந்து மாமி அவள் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள்.

"போடி, கூப்பிடுறான்ல."